ஏரிக்கரையில் தீர்ந்துபோன பிலிம்

மேடவாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு, மாலை ஐந்தரை மணிக்கு மேல் இளைஞர்கள் கைப்பேசியும் கையுமாக ஏறி வருவார்கள். மேற்கே தாம்பரம் பக்கத்துக் குன்றுகளுக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் படம் எடுப்பதற்காக வருகிறார்கள். கண் மூடித் திறப்பதற்குள் முப்பது படம் எடுக்கிறார்கள். பிடிக்காதவற்றை நின்ற இடத்திலேயே அழித்துவிடுகிறார்கள். நேற்று ஒரு பெண், “ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளிக்கோங்க ப்ளீஸ், ஃப்ரேம்ல வர்றீங்க” என்று பணிவாகச் சொன்னாள். நானும் தள்ளி நின்றுகொண்டேன். ஆயினும், படத்துக்குள் வாருங்கள், இன்னும் உள்ளே வாருங்கள் என்று ஒருவர் மன்றாடி அழைத்த வேறொரு மாலைப்பொழுது அப்போது என் நினைவில் எழுந்தது. அந்த மாலையை நேரில் கண்ட சாட்சிகளில் இன்று எஞ்சியிருப்பவர்கள் மிகச் சிலரே. ஆகவே அதை எழுதிவைப்பது என் கடமை என்று கருதுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீடு. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எங்களோடு தங்கியிருந்து ரயில்வே பணிமனைக்கு வேலைக்குப் போய்வந்தார். திருமணம் ஆகாதவர். அதிகம் பேசாதவர். அவரிடம் ஒரு பெட்டிக் கேமரா இருந்தது. ஒரு பிலிம் சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள் விழும். கேமராவின் முதுகில் சிவப்புக் கண்ணாடி பதித்த சிறு வட்டத் துளை ஒன்று உண்டு. அடுத்து எடுக்கவிருப்பது எத்தனையாவது படம் என்ற எண் அதன் வழியே தெரியும். சுருளை நகர்த்தும் திருகைத் திருப்பும்போது அந்த எண் மெல்ல மிதந்து வந்து நிற்பதைப் பார்ப்பது எனக்குப் பெரிய வேடிக்கை.

அந்தக் கேமராவால் மாமா மனிதர்களைப் படம் எடுத்ததே இல்லை. வேலை விட்டதும் கேமராவைத் துண்டில் சுற்றி, சைக்கிளில் என்னையும் ஏற்றிக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கம் ஏரிக்குப் போவார். மதகின் கல்லில் கேமராவை வைத்து, சூரியன் பனைகளின் தலைக்குக் கீழே தாழும்வரை காத்திருப்பார். சூரியன் மறைந்த பிறகும் தண்ணீரில் ஒரு வெளிச்சம் சிறிது நேரம் தங்கும். அது தங்கும்போது மூச்சை அடக்கி ஒரே ஒரு படம் எடுப்பார். பல நாட்களில் அதுவும் எடுக்காமல், “இன்னிக்கு வேணாம்” என்று சொல்லித் திரும்பிவிடுவார்.

கரையில் எருமை மேய்க்கும் ஒருவர் அவரை நாள் தவறாமல் கேலி செய்வார்.

“இன்னா சார், நேத்து எட்த்த சூரியன் சரியா வுழலியா? இன்னிக்கும் வந்துகீற?”

“நேத்து மேகம் இல்லையேப்பா.”

“நாளிக்கி இன்னா இல்லாம பூடுமோ! என் எருமையயும் ஒண்ணு எடு சார். அதுவும் கறுப்பு, உன் படமும் கறுப்பு. செலவே இல்ல.”

உண்மையில் அவை கறுப்பு வெள்ளைப் படங்களே. அம்மாவின் குறையும் அதுதான். “செகப்பு, மஞ்சள்னு ஒண்ணும் விழாத படத்துல சூரியன் எது, நிலா எதுன்னு எவன்டா கண்டான்?” என்பாள். ரயில் நிலையத்தருகே சுருளைக் கழுவிக் கொடுத்த ஸ்டுடியோக்காரரோ, “ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து ஒண்ணும் கிடையாதா சார் உங்க வீட்டுல? பன்னெண்டும் அந்திதானா?” என்று அங்கலாய்ப்பார். மாமா எல்லோருக்கும் ஒரே புன்னகையை விடையாகக் கொடுப்பார். அடுத்த சுருளில் ஒரு படம் எனக்கு என்று எனக்கு மட்டும் வாக்குக் கொடுத்திருந்தார். சூரியனைப் பார்த்து நானே விசையை அழுத்தலாம். அந்த ஒரு படத்துக்காக நான் ஆண்டுத் தேர்வைவிட அதிகமாக ஆயத்தப்பட்டுக் காத்திருந்தேன்.

இனி எங்கள் வீட்டின் மற்றொரு செய்தியையும் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு ஓர் அண்ணன் உண்டு. அதே தெருவின் மறுமுனையில் குடியிருந்தார். இருவரும் ஒரே ஆலயத்துக்குப் போனார்கள். ஒரே போதகரின் பிரசங்கத்தைக் கேட்டார்கள். சகோதரனோடு ஒப்புரவாகுதலைக் குறித்துப் போதகர் ஆண்டுக்கு இருமுறையேனும் பேசுவார். பெரியப்பா முன்வரிசையிலும் அப்பா கடைசி வரிசையிலும் அமர்ந்து அதைக் கவனமாகக் கேட்டுவிட்டு, வெவ்வேறு வாசல் வழியே வீடு திரும்புவார்கள். அவர்கள் பேச்சை நிறுத்தி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு திருமண அழைப்பிதழில் பெரியப்பாவின் பெயர் விடுபட்டதே காரணம் என்று அம்மா சொல்வாள். அது விடுபடவில்லை, இரண்டாவதாக அச்சாகியிருந்தது என்று அத்தை சொல்வாள். பெரியப்பாவின் இளைய மகளும் நானும் பள்ளியில் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. ஆனால் தெருவுக்குள் நுழைந்ததும் அவள் இடது ஓரமும் நான் வலது ஓரமுமாகப் பிரிந்து நடப்போம். இவ்வாறு நடக்கும்படி எங்களிடம் யாரும் சொன்னதில்லை.

எங்களோடு வாழ்ந்த தாத்தா, பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் விடியற்காலையில் காலமானார். தம் மகன்கள் இருவரும் பேசிக்கொள்வதைப் பார்க்காமலே அவர் போய்விட்டார் என்று அத்தை விழுந்து விழுந்து அழுதாள். பெரியப்பா குடும்பத்தோடு வந்தார். ஏழு ஆண்டுகளுக்குப் பின் எங்கள் வாசலுக்கு வந்தவர், உள்ளே வந்து தகப்பனாரின் காலைத் தொட்டுவிட்டு, வெளியே போய்ப் பந்தலின் கோடியில் ஒரு நாற்காலியில் அமர்ந்துகொண்டார். அப்பா மறுகோடியில் இருந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் இரண்டு கோடிகளுக்கும் நடந்து, ஒரே ஆறுதலை இருமுறை சொல்லவேண்டியதாயிற்று.

அடக்கத்துக்கு எடுக்குமுன் சவப்பெட்டியைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வது எங்கள் சபை மக்களின் வழக்கம். பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுவந்து, தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைப்பார்கள். முதலில் மூத்த மகன் குடும்பம் நிற்கும். அதன் பின் இளையவர் குடும்பம், அதன் பின் மகள்கள் குடும்பம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு படம். அது அந்தந்த வீட்டின் சுவரில் மாட்டப்படும். படம் இல்லாத வீட்டுக்காரர் சாவுக்கே வரவில்லை என்று பிற்காலத்தில் சொல்லிவிட இடமுண்டு. ஸ்டுடியோக்காரர் அன்று ஒரு திருமணத்துக்காகக் கோவளம் போயிருந்தார். ஆகவே மாமாவின் கேமராவே கதி என்றாயிற்று.

பெரியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. “அவங்க வூட்டு ஆளு புடிக்கிற படத்துல நாம எங்க விழப்போறோம்?” என்று பக்கத்தில் இருந்தவளிடம் எல்லோருக்கும் கேட்கும்படி இரகசியமாகச் சொன்னாள்.

மதியம் முதல் மாமா மூன்று படங்கள் எடுத்திருந்தார். தாத்தாவின் முகம் ஒன்று, போதகர் ஜெபிப்பது ஒன்று, சபைப் பெரியவர்கள் நிற்பது ஒன்று. மாலை நாலரை மணிக்குப் பெட்டி முற்றத்துக்கு வந்தது. எல்லோர் முகமும் மேற்கே பார்க்கும்படி அதைத் திருப்பி வைக்கச் சொன்னார். பெரியப்பாவின் குடும்பம் எழுந்து வந்தது. எங்கள் குடும்பம் எதிர்ப்பக்கம் ஒதுங்கிக்கொண்டது. நான் மாமாவின் முதுகுக்குப் பின்னால், எனக்குப் பழக்கமான இடத்தில் நின்றிருந்தேன். சிவப்புத் துளையில் நான்கு என்ற எண் தெரிந்தது.

மாமா கேமராவிலிருந்து தலையை நிமிர்த்தினார். “மன்னிக்கணும்” என்றார். அவர் குரல் அவ்வளவு உரக்க ஒலித்து நான் அதற்குமுன் கேட்டதில்லை. “பிலிம் இல்ல. இன்னும் ஒரே ஒரு படம்தான் மிச்சம்.”

பெட்டியின் இருபக்கத்துத் தலைகளும் மாமாவின் பக்கம் திரும்பின.

“ஒண்ணா? எப்படிடா ஒண்ணு?” என்றாள் அம்மா.

“ஏரியில தீத்துட்டேன்கா. பழைய ரோலு.”

அதன் பின் எழுந்த கூச்சலை நான் முழுமையாக எழுத இயலாது. “ஏரிக்கு அத்தனை, பெத்தவருக்கு ஒண்ணு. நல்லா இருக்குடா உன் நியாயம்!” என்றாள் பெரியம்மா. “சூரியன் எங்கடா ஓடிப்போவுது? எங்கப்பா திரும்பி வருவாரா?” என்று அத்தை மார்பில் அடித்துக்கொண்டாள். என் அம்மா அவமானத்தால் முகத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டாள். மாமா தலைகுனிந்து நின்றார். சூரியனைப் படம் பிடித்தே சாவு வீட்டில் பிலிம் இல்லாமல் செய்தவர் என்ற பெயர், அவர் இறக்கும்வரை எங்கள் தூரத்து உறவில் அவரோடு ஒட்டியிருந்தது. அவர் ஒருநாளும் அதை மறுத்ததில்லை.

அப்பா மட்டும் எதுவும் சொல்லவில்லை. தலையை நிமிர்த்தி மாமாவை ஒருமுறை பார்த்தார். நீண்ட பார்வை அது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், பின் குனிந்து வேட்டி முனையைச் சரிசெய்துகொண்டார். மைத்துனனால் நேர்ந்த அவமானம் தாங்காமல் குனிகிறார் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

எனக்கோ கணக்கு உதைத்தது. நான்கு என்றால் இன்னும் ஒன்பது இருக்கின்றன. பள்ளிக்கணக்கில் நான் அவ்வளவு மந்தமில்லை. “மாமா, நாலுதானே…” என்று தொடங்கினேன். அவர் திரும்பாமலே தம் கட்டைவிரலால் அந்தச் சிவப்புத் துளையை மூடினார். “நீ போய் அம்மா பக்கத்துல நில்லு” என்றார்.

“அப்ப எங்களுக்குப் படம் வேணாம். அவங்களே நிக்கட்டும்” என்று பெரியப்பா ஒருவரையும் பார்க்காமல் சொன்னார். ஆனால் பெட்டியை விட்டு அவர் நகரவில்லை. மூத்த மகன் தகப்பன் பெட்டியை விட்டு விலகிப்போனான் என்று அந்தப் படம் காலமெல்லாம் சொல்லுமே! எங்கள் பக்கத்திலும் அதே அச்சம் இருந்திருக்க வேண்டும். எவரும் முன்வரவும் இல்லை, பின்வாங்கவும் இல்லை. சவ வண்டி தள்ளுபவர் பீடியை அணைத்துவிட்டு வந்தார்.

“இன்னா சார், பொயுது எறங்கினு கீது. இருட்டுல குழி தெரியாது. நிக்கிறதுன்னா சட்டுனு நில்லுங்க.”

அத்தைதான் எழுந்தாள். அழுத முகத்தோடு அப்பாவின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து பெட்டியருகே விட்டாள். “ரெண்டு பேரையும் அவருதானடா பெத்தாரு? ஒரு படத்துக்கு நில்லுங்கடா, பாவிங்களா.”

பெரியப்பா தலைமாட்டிலும் அப்பா கால்மாட்டிலுமாக நின்றார்கள். இரு குடும்பத்துப் பெண்களும் பிள்ளைகளும் பின்னால் வரிசையானோம். எனக்குப் பக்கத்தில் பெரியப்பாவின் இளைய மகள் வந்து நின்றாள். மாமா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

“ஓரத்துல நின்னா படத்துல விழமாட்டீங்க. ரெண்டு பேரும் நடுவுல வாங்க.”

ஓர் அடி வந்தார்கள்.

“இன்னும் உள்ள. பெரியவரே, உங்க தோள் வெட்டுப்படுது. தயவு பண்ணி இன்னும் கொஞ்சம் உள்ள வாங்க.”

இவ்வாறு அவர் நாலைந்து முறை மன்றாடிய பின், அண்ணன் தம்பி இருவரின் தோள்களும் ஒன்றையொன்று தொட்டன. இனி விசையை அழுத்திவிடுவார் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அவர் அழுத்தவில்லை. அண்ணாந்து மேற்கே பார்த்தார்.

“மேகம் மறைக்குது. ஒரு படம்தான இருக்கு, தப்பிடக் கூடாது. மேகம் விலகட்டும். யாரும் அசையாதீங்க.”

ஏரிக்கரையில் அவர் காத்திருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அதே முகத்தோடு, அதே அவசரமின்மையோடு, அந்தச் சாவு வீட்டிலும் அவர் காத்திருந்தார். போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வண்டிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அப்பாவும் பெரியப்பாவும் தோள் உரச, தங்கள் தகப்பனாரின் முகத்தைக் குனிந்து பார்த்தபடி நின்றார்கள். பூமாலையிலிருந்து ஓர் இதழ் உதிர்ந்து தாத்தாவின் மூக்குக்கண்ணாடிமேல் விழுந்தது. அதை எடுக்க இருவரும் கை நீட்டினார்கள். ஒருவர் கையை மற்றவர் கண்டதும் இருவரும் இழுத்துக்கொண்டார்கள். பெரியப்பாவின் உடல் ஒருமுறை குலுங்கியது. தோளோடு தோள் ஒட்டியிருந்தபடியால் அக்குலுக்கம் அப்பாவையும் அசைத்தது. எனக்குப் பக்கத்தில் நின்றவள் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

மேகம் விலகியது. பந்தலுக்கு அடியில் நுழைந்து வந்த வெயில் எங்கள் எல்லோர் முகத்திலும் ஒரே சீராகப் படிந்தது. “நிமிர்ந்து பாருங்க” என்றார் மாமா. விசை ‘டக்’கென்றது.

அப்படம் இன்றும் என்னிடம் இருக்கிறது. கண்கூசும் வெயிலுக்காக எல்லோரும் கண்ணைச் சுருக்கியிருக்கிறோம். பார்ப்பவர்கள் அதை அழுகை என்று எடுத்துக்கொள்வார்கள். தாத்தாவின் கண்ணாடிமேல் அந்த இதழ் இருக்கிறது. படத்தின் அடிப்பாகத்தில் மாமாவின் நிழல் நீளமாக விழுந்து, பெட்டியின் விளிம்பைத் தொட்டு நிற்கிறது.

அடக்கம் முடிந்தபோது மணி ஆறை நெருங்கியிருந்தது. கல்லறைத் தோட்டத்தின் மேற்கு மதிலுக்கு அப்பால் அக்காலத்தில் வெறும் வயல்களே இருந்தன. கூட்டம் வாசலை நோக்கிக் கலைந்துகொண்டிருக்க, மாமா மட்டும் மதிலருகே போய் நின்றதைக் கண்டேன். பின்னாலேயே போனேன். கேமராவை மதில்மேல் வைத்துத் திருகைத் திருப்பினார். வயலில் தேங்கிய நீரில் வெளிச்சம் தங்கியிருந்தது. ஒன்று எடுத்தார். மறுபடி திருப்பினார். இன்னொன்று எடுத்தார். என் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“வந்துட்டியா? உனக்கு ஒண்ணு வெச்சிருக்கேன். வா, நல்ல வெளிச்சம். சீக்கிரம் போயிடும்.”

எத்தனையோ நாள் காத்திருந்த படம் அது. ஆனால் என் தாத்தாவின் பெட்டிக்கு எதிரே நின்று பொய் சொல்லி மிச்சம்பிடித்த பிலிம் அல்லவா? சூரியனுக்காக என் தாத்தாவை ஏமாற்றியவரின் கையிலிருந்து அதை வாங்குவது பாவம் என்று எனக்குத் தோன்றியது. ஓய்வுநாள் பள்ளியில் நான் பரிசு வாங்கிய பிள்ளை.

“எனக்கு வேணாம். நீங்க பொய் சொன்னீங்க. அப்பாகிட்ட சொல்லப் போறேன்.”

அவர் என்னைத் தடுக்கவில்லை. சொல்லாதே என்று கெஞ்சவும் இல்லை. “சரி, போய்ச் சொல்லு” என்று மட்டும் சொல்லி மறுபடியும் மேற்கே திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தேன். அடுப்பு மூட்டாத வீடு அது. அடுத்த வீட்டிலிருந்து இட்லியும் காப்பியும் வந்திருந்தன. பந்தலில் ஒரே பெஞ்சில் பெரியப்பாவும் அப்பாவும் அமர்ந்திருந்தார்கள். படத்துக்குப் பின் பெட்டியை இருவரும் ஒன்றாகவே தூக்க நேர்ந்தது. திரும்பிவந்து ஒன்றாகவே கைகால் கழுவினார்கள். நாற்காலிகளை அடுக்கிவிட்டதால், இருந்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் பேச்சு இல்லை. இருவருக்கும் நடுவே இன்னொருவர் உட்காரும் அளவு இடம் இருந்தது. பெரியம்மா வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். இன்னும் சற்று நேரத்தில் பெரியப்பா எழுந்து, தெருவின் மறுமுனைக்குப் போய்விடுவார் என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

நான் அப்பாவின் முன்னால் போய் நின்று, மூச்சு வாங்கச் சொன்னேன்.

“அப்பா, மாமா பொய் சொன்னாரு. ஒரு படம் இல்ல, ஒன்பது படம் இருந்துச்சு. நான் என் கண்ணால பாத்தேன். இப்ப கல்லறையில சூரியன எடுத்துக்கிட்டு இருக்காரு.”

பெரியம்மா செருப்பைத் தேடுவதை நிறுத்தினாள். அம்மா கதவோரம் வந்து நின்றவள், அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். பெரியப்பாவின் கையில் இருந்த தம்ளர் பாதி வழியில் நின்றுவிட்டது. இப்போது அப்பா எழுந்து மாமாவைத் தேடிப் போவார், சாவு வீட்டில் பொய் சொன்னதற்கு எல்லோர் முன்னிலையிலும் அவர் பதில் சொல்லியாக வேண்டும் என்று நான் காத்திருந்தேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பின் தரையைப் பார்த்தார்.

“தெரியும்” என்றார். “மத்தியானம் அவன் புது ரோல் மாட்டும்போது, வெயில் படாம குடை பிடிச்சதே நான்தான்.”

தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துப் போனது. பெரியப்பா தம்ளரை மெதுவாகப் பெஞ்சின்மேல், அந்த இடைவெளியில் வைத்தார். முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

“குடை பிடிச்சியா?”

“ஆமாண்ணே.”

“வெளிச்சம் உள்ள போயிருக்காதே?”

“போயிருக்காதுண்ணே. மேல்துண்டையும் போட்டு மூடினேன்.”

பெரியப்பா வெகுநேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார். அதன் பின், “கழுவுறவன்கிட்ட பாத்துக் கழுவச் சொல்லு. எனக்கும் ஒண்ணு வேணும்” என்றார். பெரியம்மா செருப்பை விட்டுவிட்டு, அம்மா நின்ற கதவைத் தாண்டி உள்ளே போனாள்.

ஏழு ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் அவை என்பது என் கவனத்தில் விழவே இல்லை. குற்றத்தை நான் கொண்டுவந்து வைத்திருக்க, பெரியவர்கள் குடையைப் பற்றியும் துண்டைப் பற்றியும் பேசுகிறார்களே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா என்னை அருகே அழைத்து, “மாமாவுக்குச் சாப்பாடு எடுத்து வெச்சாச்சா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “முதல்ல அத எடுத்து வை. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல அவன்” என்றார்.

பொய் சொன்னவருக்கு எதற்காக முதலில் இலை போடுகிறார்கள் என்று விளங்காமல், உள்ளே போய், நான்கே நான்கு இட்லியை எண்ணி, கோபத்தோடு எடுத்துவைத்தேன்.